வேலை வாகனத்துக்குப் பின்கமெரா பூட்டுவது: கமெராவைவிட வயரைக் கவனியுங்கள்

புறக்கோட்டை நாலாம் குறுக்குத் தெருவில் காலை ஒன்பது மணிக்கு லொறியைப் பின்னால் எடுத்தவர்களுக்கு நான் சொல்ல வருவது விளங்கும். ஒரு பக்கம் வெங்காய மூட்டைகள், மறுபக்கம் கைவண்டி, நடுவில் தலையில் மூட்டையோடு குனிந்து போகும் நாட்டாமிமார். பின்னால் நிற்கும் பெடியன் லொறியின் தகரத்தைத் தட்டித் தட்டி "ஹரி, ஹரி, ஹரி" என்பான். வா என்பதற்கும் ஹரிதான், போதும் என்பதற்கும் ஹரிதான். குரல் எங்கே இறுகுகிறது என்று கேட்டுத்தான் பிரேக்கில் காலை வைக்கவேண்டும். அந்த நேரம் பார்த்து ஒரு முச்சக்கரவண்டி ஹோர்ன் அடித்தால் அதுவும் கேட்காது.

பருப்பு, மிளகாய், சீனி என்று வெள்ளவத்தை, தெஹிவளைக் கடைகளுக்குச் சாமான் போடும் வேலை என்னுடையது. பெட்டி அடித்த எல்ஃப் லொறி ஒன்றும், இங்கே எல்லோரும் டிமோ பட்டா என்று சொல்லும் டாட்டா ஏஸ் சிறு லொறி ஒன்றும் ஓடுகின்றன. இரண்டுக்கும் கமெரா பூட்டியிருக்கிறேன். முதல் தடவை ஒரு கராஜில் கொடுத்துச் செய்வித்தேன். அரை நாளில் முடித்துத் தந்தார்கள், படமும் கண்ணாடி மாதிரித் தெளிவாக இருந்தது. தென்மேல் பருவமழை தொடங்கி இரண்டாவது மாதம் திரை கறுத்துப்போனது. கமெரா போய்விட்டது என்று நினைத்துப் புதிதாக ஒன்று வாங்கினேன். அதுவும் வேலை செய்யவில்லை. பிறகு பம்பருக்கு அடியில் படுத்து, கறுப்பு டேப் சுற்றிய ஒரு முடிச்சை அவிழ்த்துப் பார்த்தேன். உள்ளே இருந்த பிளக் முழுக்கப் பச்சைத் தூள். செப்பு அரித்து, தொட்டதும் கையோடு உதிர்ந்து வந்தது. கமெராவில் ஒரு குறையும் இல்லை. மழையும் கடல் உப்புக் காற்றும் சேர்ந்து அந்த ஒரு இணைப்பைத் தின்றிருந்தன.

அதனால்தான் இந்த வேலையைப் புதிதாகச் செய்பவர்களிடம் ஒன்றைச் சொல்வேன். கமெராவை வாங்குவதில் கால்வாசிக் கவனம் போதும். மிச்சம் முக்கால்வாசியை வயர் போகும் பாதைக்கும் அதன் இணைப்புகளுக்கும் கொடுங்கள்.

இப்போது புதிதாக வரும் வாகனங்கள் பலவற்றில் கமெரா கூடவே வருகிறது. ஜப்பானில் 2022 மே மாதம் முதல், புதிதாக அறிமுகமாகும் மாதிரிகளுக்குப் பின்பக்கத்தைக் காட்டும் கமெராவோ உணரியோ கட்டாயம். ஆனால் நமது வேலை வாகனங்கள் அப்படிப்பட்டவை அல்ல. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025 தொடக்கத்தில்தான் மறுபடி திறந்துவிட்டார்கள். அந்த ஐந்து வருடமும் பழைய லொறிகளும் வான்களும்தான் கொழும்பின் சாமானைச் சுமந்தன, இன்றும் சுமக்கின்றன. அவற்றுக்கு நாமே பூட்டினால்தான் உண்டு.

முதலில் எதைப் பார்க்க முடியவில்லை என்று பாருங்கள்

கடைக்குப் போவதற்கு முன் ஒரு சோக்குக்கட்டியும் ஒரு பிளாஸ்டிக் வாளியும் எடுத்துக்கொள்ளுங்கள். வாகனத்தைச் சமதரையில் நிறுத்தி, ஓட்டுபவர் தன் இருக்கையிலேயே இருக்கட்டும். நீங்கள் வாளியைப் பின் பம்பரின் நடுவிலிருந்து மெதுவாகப் பின்னுக்கு நகர்த்துங்கள். எந்த இடத்தில் கண்ணாடியில் வாளி தெரிகிறதோ அங்கே கோடு போடுங்கள். பெட்டி அடித்த லொறியில் நடுக்கண்ணாடியால் ஒரு பிரயோசனமும் இல்லை. பக்கக் கண்ணாடிகளோ இரண்டு ஓரங்களை மட்டும்தான் காட்டும். என் எல்ஃபுக்கு நேர் பின்னால் வாளியை எவ்வளவு தூரம் நகர்த்தியும் அது ஓட்டுபவருக்குத் தெரியவேயில்லை. ஒரு வாளி, கிட்டத்தட்ட குந்தியிருக்கும் ஒரு பிள்ளையின் உயரம். அன்றைக்கு அதை நினைத்துக் கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன்.

இதைச் செய்து பார்த்தால் எந்த வகைப் பூட்டல் தேவை என்பதும் தெரிந்துவிடும். ரிவர்ஸ் கியர் போட்டால் மட்டும் படம் வருவது ஒரு வகை. சாவி திருப்பியதிலிருந்து எப்போதும் படம் நிற்பது இன்னொரு வகை. பின்கண்ணாடி உள்ள சாதாரண வானுக்கு முதல் வகை போதும். பெட்டி லொறிக்கும், கூரை வரை சாமான் ஏற்றும் வானுக்கும் இரண்டாவதைத்தான் சொல்வேன். காலி வீதியில் பின்னால் ஒட்டிக்கொண்டு வரும் மோட்டார் சைக்கிளை வேறு எதுவும் உங்களுக்குக் காட்டாது. பக்கக் கண்ணாடிகளை மட்டும் எந்தக் காரணம் கொண்டும் கழற்றவேண்டாம். கமெரா அவற்றுக்குத் துணையாகத்தான் இருக்கவேண்டும்.

அடுத்தது வோல்ட். டாட்டா ஏஸ், ஹைஏஸ், டவுன்ஏஸ் போன்றவை 12 வோல்ட். எல்ஃப், கென்டர் வகை லொறிகளில் பல 24 வோல்ட், இரண்டு பற்றரிகளைத் தொடராக இணைத்திருப்பார்கள். ஊகிக்கவேண்டாம், மல்டிமீற்றரை வைத்துப் பாருங்கள். எஞ்சின் ஓடும்போது 14-க்குக் கிட்ட காட்டினால் 12 வோல்ட் வண்டி, 28-க்குக் கிட்ட காட்டினால் 24 வோல்ட் வண்டி. 12 வோல்டுக்கு மட்டும் செய்த கமெராவை 24 வோல்ட் லொறியின் ரிவர்ஸ் லைட்டில் கொடுத்தால் ஒரே நொடியில் புகைந்துவிடும்.

வாங்கும்போது கேட்கவேண்டியவை

கமெராவுக்கும் திரைக்கும் முதலாம் குறுக்குத் தெருப் பக்கத்து மின்னணுச் சாமான் கடைகளும், பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளும் இருக்கின்றன. நான் பஞ்சிகாவத்தையைத்தான் விரும்புவேன். அங்கே நிற்பவர்களுக்கு வாகனம் தெரியும். "பாஸ், எல்ஃபுக்கு வேணும், 24 வோல்ட்" என்று சொன்னால் அடுத்த கேள்வி அவர்களிடமிருந்தே வரும். ஸ்க்ரூ, க்ளிப், ரப்பர் வளையம், குழாய் எல்லாம் பழைய சோனகத் தெரு ஹார்ட்வெயார் கடைகளில் ஒரே நடையில் வாங்கிவிடலாம்.

நீர் புகாத தரத்துக்குப் பெட்டியில் ஐ.பி. என்று போட்டு இரண்டு எண் இருக்கும். 67-க்குக் குறைந்ததை எடுக்கவேண்டாம். 69கே என்று இருந்தால் சேர்விஸ் ஸ்டேஷனில் அடிக்கும் அழுத்தத் தண்ணீரையும் தாங்கும் என்று அர்த்தம். பெட்டியில் எழுதியிருப்பதெல்லாம் உண்மையாக இருக்கும் என்றும் நம்பிவிடாதீர்கள். கமெராவைக் கையில் எடுத்து, வயர் உள்ளே நுழையும் இடத்தைப் பாருங்கள். அங்கே ரப்பர் உடலோடு ஒன்றாக வார்த்திருக்கவேண்டும். வயரை ஆட்டினால் இடைவெளி தெரியும் கமெரா மழைக்கு நிற்காது.

கமெராவும் திரையும் ஒரே முறையில் பேசவேண்டும். பழைய சாதாரண அனலொக் கமெராக்கள் ஒரு வகை, ஏ.எச்.டி. என்று சொல்லும் கூடிய தெளிவுள்ளவை இன்னொரு வகை. ஏ.எச்.டி. கமெராவைப் பழைய வகைத் திரையில் கொடுத்தால் ஒன்றும் வராது, அல்லது கலங்கிய படம் வரும். தனித்தனியாக இரண்டு கடையில் வாங்கி வந்து தலையைச் சொறிபவர்கள் அநேகம். சோடியாக வாங்குங்கள், அதையும் கடையிலேயே பற்றரியில் கொடுத்துப் படத்தைக் காட்டச் சொல்லுங்கள். காட்டமாட்டேன் என்கிற கடையில் வாங்கவேண்டாம்.

இணைப்பிலும் இரண்டு வகை உண்டு. கார் கமெராக்களில் மஞ்சள் நிறத் தலையுள்ள ஆர்.சி.ஏ. பிளக் வரும், கமெராவுக்குக் கரண்ட் பின்னாலேயே தனியாகக் கொடுக்கவேண்டும். லொறிக்கென்று வருபவற்றில் நாலு ஊசியுள்ள, மரை முறுக்கிப் பூட்டும் வட்டப் பிளக் இருக்கும். படம், கரண்ட் இரண்டும் அந்த ஒரே வயரில் போகும், நடுவே ரப்பர் வளையமும் இருக்கும். வேலை வாகனத்துக்கு எப்போதும் இந்த இரண்டாவதை எடுங்கள். பின்னால் ஒரு இணைப்புக்கூட வெட்டி ஒட்டவேண்டியதில்லை. 12 முதல் 24 வோல்ட் வரை இரண்டுக்கும் பொருந்தும் என்று எழுதியிருப்பதும் பெரும்பாலும் இந்த வகைதான்.

வயர் நீளத்தை வண்டியின் நீளத்தை வைத்துக் கணக்கிடாதீர்கள். கமெரா இருக்கும் மேல் விளிம்பிலிருந்து கீழே இறங்கி, செஸி என்கிற அடிச்சட்டம் வழியாக வந்து, கெபினுக்குள் ஏறித் திரைக்குப் போகும் வரை ஒரு கயிற்றைப் பிடித்து அளந்து, அதற்கு மேல் இரண்டு மீற்றர் சேருங்கள். என் பதினான்கு அடி எல்ஃபுக்கு 10 மீற்றர் வயர் காணாமல் 15 மீற்றர் வாங்கவேண்டியிருந்தது.

வயர் இல்லாத கமெரா வேண்டாமா என்று கேட்பார்கள். அதற்கும் பின்னால் கரண்ட் கொடுத்தே ஆகவேண்டும், ஆகவே பாதி வயர் வேலை அப்படியே இருக்கிறது. விலை குறைந்தவை பெரும்பாலும் வைஃபை, புளூடூத் ஓடும் அதே 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையில்தான் பேசுகின்றன. புறக்கோட்டை நெரிசலில் கடைக்குக் கடை வைஃபை. சரியாகப் பின்னால் எடுக்கும் நேரத்தில் படம் உறைந்து நின்றால், படம் இல்லாததைவிட அது ஆபத்து. ஏனென்றால் நீங்கள் அந்தப் பழைய படத்தை நம்பிக்கொண்டிருப்பீர்கள்.

துளை போடுவதற்கு முன் ஒட்டிப் பாருங்கள்

இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டிவிடுகிறார்கள். கமெராவை டேப்பால் பின்னால் ஒட்டி, வயரை வெளியாலேயே இழுத்து ஜன்னல் வழியாக உள்ளே விட்டு, திரைக்குத் தற்காலிகமாகக் கரண்ட் கொடுங்கள். கரண்ட் எடுக்கும் வயரில் பியூஸ் இப்போதே இருக்கட்டும். அப்புறம் வாளியைப் பின்னால் வைத்துப் பாருங்கள். படத்தின் அடி ஓரத்தில் உங்கள் பம்பரின் மெல்லிய விளிம்பு தெரியவேண்டும். பம்பர் தெரிந்தால்தான் எதற்கும் எவ்வளவு இடைவெளி என்று கண்ணுக்குப் பிடிபடும். வானம் பாதித் திரையை நிரப்பினால் கமெராவை இன்னும் கீழே சரிக்கவேண்டும்.

பெட்டி லொறிக்கு மேல் விளிம்பின் நடுப்பகுதிதான் நல்ல இடம். கதவு இரண்டும் முழுக்கத் திறந்து மடங்கும்போது கமெராவில் இடிக்கிறதா என்று பாருங்கள். ஃப்ரீசர் லொறியின் சுவரில் நுரை அடைத்த இரட்டைத் தகடு இருக்கும். அதில் புதுத் துளை போட்டால் தண்ணீர் நுரைக்குள் இறங்கிக் குளிர் பிடிக்கும் தன்மையே கெட்டுவிடும். ஏற்கெனவே மேல் விளக்குக்குப் போட்ட துளை இருந்தால் அதன் வழியாகவே வயரை இறக்குங்கள்.

திறந்த பட்டாவில் கதை வேறு. அங்கே உயரத்தில் பூட்ட இடம் இல்லை. தட்டுக்கு அடியில், நம்பர் தகட்டுக்கு மேலுள்ள குறுக்குச் சட்டத்தில்தான் பூட்டவேண்டும். இரண்டு விஷயத்தைக் கவனியுங்கள். கமெரா சட்டத்தை விட்டு வெளியே துருத்திக்கொண்டு நிற்கக்கூடாது. ஏற்றும் மேடையோடு ஒட்டி நிறுத்தும் முதல் நாளே நசுங்கும். மற்றது, பின்பலகையை இறக்கினால் அது நேராகத் தொங்கிக் கமெராவை மூடிவிடும். நான் இதை யோசிக்காமல் பூட்டி, பலகையை இறக்கிவிட்டு இரண்டடி பின்னால் எடுக்க முயன்றபோது திரையில் துருப்பிடித்த தகரத்தைத்தான் பார்த்தேன். இப்போது எங்கள் வண்டியில் அது ஒரு விதி: பலகை இறங்கியிருந்தால் வண்டி நகராது. நம்பர் தகட்டையும் அதன் விளக்கையும் கமெரா மறைக்கக்கூடாது என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை.

இடம் முடிவானதும் பென்சிலால் குறித்து, தகட்டுக்குப் பின்னால் வேறு வயர் எதுவும் ஓடவில்லை என்று கைவிட்டுப் பார்த்து, சிறிய பிட்டில் தொடங்கித் துளையுங்கள். துளைத்த விளிம்பை அரத்தால் தேய்த்து, துருத்தடுப்புப் பெயின்ட் தொட்டு, காய்ந்த பிறகுதான் ரப்பர் வளையத்தைச் செருகவேண்டும். வெறும் தகட்டு விளிம்பில் வயர் கிடந்தால் லொறியின் அதிர்வில் ஆறு மாதத்தில் அறுந்துவிடும். வளையத்தைச் சுற்றிச் சிலிக்கன். வயர் துளைக்குள் நுழைவதற்கு முன் கீழ்நோக்கி ஒரு சிறிய வளைவு விடுங்கள். மழைநீர் அந்த வளைவின் அடியில் சொட்டி விழும், உள்ளே ஏறாது. வீட்டுக்கு வரும் மின் வயரிலும் இதே வளைவைத்தான் விட்டிருப்பார்கள், போய்ப் பாருங்கள்.

வயர் போகும் பாதை

வேலையின் உயிர் இங்கேதான். அவசரப்படவேண்டாம், அரை நாளை இதற்கே ஒதுக்குங்கள்.

லொறியில் செஸியின் உட்பக்கமாக, ஏற்கெனவே பின் விளக்குகளுக்குப் போகும் வயர்க் கட்டைப் பின்தொடர்ந்து போங்கள். தயாரித்தவர்கள் யோசித்துத் தேர்ந்த பாதை அது. சைலன்சர் எந்தப் பக்கமோ அதற்கு எதிர்ப்பக்கம் பிடியுங்கள். சுழலும் ப்ரொப்பலர் தண்டு, ஸ்ப்ரிங் தகடுகள், சில்லு ஆகியவற்றுக்குக் கிட்ட போகக்கூடாது. பிரேக் குழாயிலோ டீசல் குழாயிலோ வயரைக் கட்டவே கூடாது. வயர் உரசி அந்தக் குழாய் ஓட்டையானால் போவது கமெரா மட்டும் அல்ல.

வயர் முழுவதையும் நெளிவுள்ள பிளாஸ்டிக் குழாய்க்குள் விடுங்கள். ஒரு சாண் இடைவெளிக்கு ஒரு கட்டு. வெயிலுக்குப் பொடிந்துபோகாத கறுப்புக் கட்டுகளை வாங்குங்கள், வெள்ளை நிறத்தவை வெளியில் ஒரு வருடம் நிற்பதே பெரிது. மிஞ்சும் வயரைச் சுருட்டிப் பின்னால் தொங்கவிடாமல் கெபினுக்குள் கொண்டுவந்து வையுங்கள்.

இரண்டு வயரைச் சேர்க்கும் வட்டப் பிளக் வெளியில் வருவது தவிர்க்க முடியாவிட்டால், அதை மரை இறுக்கி, தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பைக் கீழிருந்து மேலாக, பாதி பாதி ஏறும்படி இழுத்துச் சுற்றுங்கள். சாதாரணக் கறுப்பு டேப் சூட்டில் இளகி, பசை வடிந்து, தண்ணீரை உள்ளே தேக்கி வைக்கும். என் பம்பருக்கு அடியில் நடந்தது அதுதான். சுற்றிய பிளக்கை நிமிர்ந்து நிற்கவிடாமல் படுக்கையாகவோ கீழ்நோக்கியோ கட்டுங்கள்.

கெபினைத் தூக்கும் லொறியாக இருந்தால், செஸியிலிருந்து கெபினுக்கு வயர் ஏறும் இடத்தில் தாராளமாகத் தளர்வு விடவேண்டும். கட்டி முடித்ததும் கெபினை முழுவதுமாகத் தூக்கி, வயர் இழுபடுகிறதா என்று கண்ணால் பாருங்கள். பிறகு இறக்கி, எங்காவது நசுங்குகிறதா என்று பாருங்கள். இதை மறந்தால் அடுத்த ஒயில் மாற்றும் நாளில் மெக்கானிக் தெரியாமலே உங்கள் வயரை அறுத்துவிடுவார்.

வானில் வேலை இலகு. கதவுப் படிக்கட்டின் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றி அதற்கடியில் விடலாம், அல்லது கூரைத்துணியின் ஓரத்தால் கொண்டுபோகலாம். மேலே தூக்கும் பின்கதவில் கமெரா இருந்தால், கீலுக்குப் பக்கத்திலுள்ள ரப்பர்க் குழாய்க்குள்தான் வயர் போகவேண்டும். சவர்க்காரத் தண்ணீரைத் தொட்டு ஒரு மெல்லிய கம்பியால் இழுத்தால் வரும். மஞ்சள் உறை போட்ட வயர்களைக் கண்டால் அவற்றை விட்டு விலகுங்கள், அவை ஏர்பேக்குக்குப் போகின்றன.

கரண்ட் எடுப்பது

பற்றரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். சோதிக்க மட்டும் மறுபடி பூட்டலாம்.

திரைக்கு வழக்கமாக மூன்று வயர் இருக்கும். சிவப்பு கரண்டுக்கு, கறுப்பு எர்த்துக்கு (வண்டியின் உடல் தகட்டோடு சேர்ப்பது), மூன்றாவது ரிவர்ஸ் கியர் போட்டதைத் திரைக்குச் சொல்லும் ரிவர்ஸ் சைகைக்கு. மூன்றாவதன் நிறம் கொம்பனிக்குக் கொம்பனி மாறும், கூட வரும் தாளைப் பாருங்கள். சிவப்பை, சாவி திருப்பினால் மட்டும் கரண்ட் வரும் ஒரு பியூஸிலிருந்து எடுங்கள். ரேடியோவின் பியூஸ் நல்ல தெரிவு. நேரே பற்றரியில் கொடுத்தால் இரவு முழுக்கத் திரை விழித்திருந்து, காலையில் வண்டி கிளம்பாது. கரண்ட் எடுக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே 2 அல்லது 3 அம்பியர் பியூஸ் ஒன்று கட்டாயம். திரைக்கு அருகில் வைத்தால் நடுவில் உள்ள வயருக்குப் பாதுகாப்பு இல்லை.

24 வோல்ட் லொறிக்காரர்களுக்கு ஒரு விசேஷ எச்சரிக்கை. 12 வோல்ட் திரை கையில் இருக்கிறது என்பதற்காக, இரண்டு பற்றரிகளில் ஒன்றிலிருந்து மட்டும் கரண்ட் எடுத்துக் கொடுப்பதை நான் பல கராஜ்களில் பார்த்திருக்கிறேன். வேலை செய்யும். ஆனால் அந்த ஒரு பற்றரி மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். சார்ஜ் ஏறும்போது இரண்டுக்கும் ஒன்றாகவே ஏறுவதால், நிறைந்திருக்கும் மற்றது அளவுக்கு மீறிக் கொதிக்கும். கடைசியில் இரண்டுமே கெட்டுப்போகும். 24-க்குப் பொருந்தும் திரையை வாங்குங்கள், இல்லாவிட்டால் 24-ஐ 12 ஆக்கும் மாற்றி ஒன்றைப் பூட்டுங்கள்.

எர்த் வயரைக் கண்ட கண்ட ஸ்க்ரூவில் சுற்றவேண்டாம். பெயின்டைச் சுரண்டி வெள்ளித் தகடு தெரியவைத்து, வளையத் தலை போட்டு இறுக்கி, மேலே கிறீஸ் பூசுங்கள். எஞ்சின் போட்டதும் திரையில் கோடுகள் ஓடுகின்றன என்று வரும் முறைப்பாடுகளில் அநேகமானவை எர்த் சரியில்லாததால் வருபவை.

ரிவர்ஸ் சைகையைக் கண்டுபிடிக்க, சில்லுகளுக்கு முட்டுக்கொடுத்து, கைப்பிரேக் போட்டு, எஞ்சினை நிறுத்தி, சாவியை மட்டும் திருப்பி ரிவர்ஸ் கியரைப் போடுங்கள். பின்விளக்குக்குப் போகும் வயர்களில் எதில் அப்போது மட்டும் கரண்ட் வருகிறது என்று மீற்றர் சொல்லும். கியரை எடுத்தால் அது பூச்சியத்துக்கு வரவேண்டும். லொறிகளில் இந்தச் சைகையைப் பின்னால் தேடிப் போகாமல், கியர் பெட்டியின் ரிவர்ஸ் சுவிட்சிலிருந்து வரும் வயரில் முன்னாலேயே எடுக்க முடிந்தால் இன்னும் நல்லது. வெளியில் ஒரு இணைப்புக் குறைகிறது.

எந்த இணைப்பையும் முறுக்கி டேப் சுற்றி விடவேண்டாம். ஈயம் வைத்துச் சூட்டில் சுருங்கும் குழாய் போடுங்கள், அல்லது அழுத்திப் பிடிக்கும் தலைகளைச் சரியான குறட்டால் அழுத்துங்கள். கடித்துப் பிடிக்கும் நீலநிற க்ளிப்புகள் கெபினுக்குள் சமாளிக்கும், வெளியில் கூடவே கூடாது.

திரையை வைப்பதும் படத்தைச் சரிசெய்வதும்

திரை, கண் பழக்கமாகப் போகும் இடத்தில் இருக்கவேண்டும். எப்போதும் படம் நிற்கும் வகையென்றால் நடுக்கண்ணாடி இருந்த இடமே சரி. ஆனால் முன்கண்ணாடியின் பார்வையை மறைக்கக்கூடாது. உறிஞ்சிப் பிடிக்கும் ரப்பரும் இரட்டைப்பக்க டேப்பும் கொழும்பு வெயிலில் நிற்கமாட்டா. மதியம் கொம்பனித்தெருவில் ஒரு மணிநேரம் நிறுத்திவிட்டு வந்தால் திரை கீழே கிடக்கும். தாங்கியை ஸ்க்ரூ போட்டுப் பூட்டுங்கள்.

அடுத்து இடவல மாற்றம். ஒருவரைப் பின்னால் இடது பக்கம் நிறுத்திக் கையைத் தூக்கச் சொல்லுங்கள். திரையிலும் அவர் இடது பக்கம் தெரியவேண்டும், கண்ணாடியில் தெரிவதுபோல. வலது பக்கம் தெரிந்தால் திரையின் மெனுவிலோ, கமெராவிலிருந்து வரும் சிறிய வளைய வயரை வெட்டியோ மாற்றலாம். சில கமெராக்களில் ஒரு வளையம் படத்தைத் திருப்பும், இன்னொன்று கோடுகளை மறைக்கும். எது எது என்று தாளில் பார்த்த பிறகே வெட்டுங்கள்.

கமெரா தானாகக் காட்டும் பச்சை, மஞ்சள், சிவப்புக் கோடுகளை அப்படியே நம்பவேண்டாம். அவை உங்கள் வண்டியின் உயரத்தை அறியாது. அளவு நாடாவைப் பிடித்து, பம்பரிலிருந்து அரை மீற்றர், ஒரு மீற்றர், இரண்டு மீற்றரில் தரையில் சோக்கால் கோடு போடுங்கள். திரையில் அவை எங்கே விழுகின்றன என்று பார்த்து, மெல்லிய நிற டேப்பைத் திரையின் ஓரத்தில் ஒட்டுங்கள். அகலமாகக் காட்டும் வில்லை எல்லாவற்றையும் உள்ளதைவிடத் தூரமாகக் காட்டும். சாரதிக்கு இதைச் சொன்னால் போதாது, வாளியை வைத்து நாலு தடவை எடுக்கச் செய்யுங்கள். மேலே நீட்டிக்கொண்டிருக்கும் கூரைத் தகரம், தாழ்ந்த வயர், திறந்த ஜன்னல் எதையும் கீழ்நோக்கிய கமெரா காட்டாது. அதனால் எங்கள் பெடியன் இப்போதும் இறங்கிப் பின்னால் நிற்கிறான், தகரத்தைத் தட்டுகிறான். ஒரே வித்தியாசம், அவனே எங்கே நிற்கிறான் என்று இப்போது சாரதிக்குத் தெரிகிறது.

பிறகு வரும் கோளாறுகள்

காலையில் டயர் பார்க்கும்போதே வில்லையை ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். காய்ந்த துணி மண்ணோடு சேர்ந்து கீறும். சேர்விஸில் அழுத்தத் தண்ணீர் அடிப்பவரிடம் கமெராவுக்கு நேரே கிட்ட பிடிக்கவேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லுங்கள்.

மழை பெய்த மறுநாள் மட்டும் படம் போனால் வெளியில் உள்ள இணைப்பைத் திறந்து பாருங்கள். பள்ளத்தில் விழும்போது மட்டும் விட்டு விட்டு வந்தால் எங்கோ வயர் உரசுகிறது, அல்லது எர்த் தளர்ந்திருக்கிறது. வில்லைக்கு உட்பக்கம் ஆவி படிந்தால் அந்தக் கமெராவின் அடைப்பு போய்விட்டது. வெயிலில் காய்ந்து தெளிந்தாலும் திரும்ப வரும், மாற்றிவிடுங்கள். திரையில் நீல நிறத்தோடு சிக்னல் இல்லை என்று வந்தால் திரைக்குக் கரண்ட் இருக்கிறது, கமெராவிலிருந்துதான் ஒன்றும் வரவில்லை என்று அர்த்தம். திரையே இருண்டிருந்தால் முதலில் பியூஸைப் பாருங்கள்.

எல்லாம் முடிந்த அன்றைக்கே ஒரு தாளில் படம் வரைந்து வையுங்கள். எந்தப் பியூஸிலிருந்து கரண்ட், ரிவர்ஸ் சைகை எந்த நிற வயர், எர்த் எந்த இடம், வெளியில் உள்ள பிளக் எத்தனையாவது குறுக்குச் சட்டத்துக்குப் பக்கத்தில். என்னுடையது ஒரு பிளாஸ்டிக் உறைக்குள், இன்சூரன்ஸ் அட்டையோடு டாஷ்போர்ட் பெட்டியில் கிடக்கிறது. போன மாதம் மருதானையில் வைத்துப் படம் நின்றபோது, சாரதி தொலைபேசியில் கேட்காமலே அந்தத் தாளைப் பார்த்துப் பத்து நிமிடத்தில் பியூஸை மாற்றிக்கொண்டு வந்துவிட்டார்.